பட்டாவில் ஏறிய பெயர்

“யு.டி.ஆர்.லயே அப்படித்தாங்க ஏறியிருக்கு.”

தமிழ்நாட்டின் எந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் அரை நாள் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். வீடு வாங்க வந்தவருக்கு அந்த மூன்றெழுத்து பெரும்பாலும் அன்றுதான் அறிமுகமாகும். அதற்குள் அவர் முன்பணம் கொடுத்திருப்பார். மூன்று மாதக் கெடு வைத்துக் கிரய ஒப்பந்தம் எழுதியிருப்பார். வங்கியில் கடனுக்கு மனுப் போட்டு, குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லியிருப்பார். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, எல்லாம் கோர்வையாக வருகிறது என்று தலையாட்டிவிட்டுப் பட்டாவைக் கையில் எடுப்பார். அங்கே விற்பவரின் பெயர் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரரின் பெயர் இருக்கும். அல்லது பெயர் சரியாக இருந்து, பத்திரத்தில் எட்டு சென்டாக இருக்கும் இடம் பட்டாவில் ஏழரை சென்டுக்கும் குறைவாக இருக்கும். மோசமான சந்தர்ப்பங்களில், மூன்று தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கும் மனை ‘சர்க்கார் புறம்போக்கு’ என்று பதிவாகியிருக்கும்.

வாங்குகிறவர் கையில் இருக்கும் வில்லங்கச் சான்றிதழில் இந்தத் தவறின் சுவடே தெரியாது. வழக்கமாக வங்கிகள் கேட்கும் 30 ஆண்டு வில்லங்கம் இன்று போட்டால் 1990-களின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். தவறு அதற்கும் முன்னால், அதுவும் வேறொரு அலுவலகத்தின் பதிவேட்டில் நடந்துவிட்டது. 1979 ஜூன் முதல் தேதி தொடங்கி 1987 ஏப்ரல் 30 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குத்தான் மக்கள் வழக்கில் யு.டி.ஆர். என்று பெயர். ஊர் ஊராகப் பட்டாக்களைப் புதுப்பித்து, ஏக்கரையும் சென்டையும் ஹெக்டேராகவும் ஏர்ஸாகவும் மாற்றி, புதிய பதிவேடுகளை எழுதிய எட்டாண்டு வேலை அது. இன்று கணினியில் எடுக்கும் சிட்டாவுக்கும் அடித்தளம் அந்தப் பதிவேடுகளே. அன்று ஏதோ ஒரு பிற்பகலில் ஒருவர் பேனாவால் எழுதிய வரி, நாற்பது ஆண்டு கழித்து, அப்போது பிறந்தே இராத ஒருவர் வீடு வாங்குவதை நிறுத்தி வைக்கிறது.

அந்த வரி எப்படித் தப்பாக எழுதப்பட்டது என்று கேட்டால், அந்தப் புத்தகம் எதற்காக உண்டாயிற்று என்பதிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நிலத்தை அளந்து எழுதி வைப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் ராஜராஜன் தன் ஆட்சியின் 16, 17-ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 1000-த்தை ஒட்டி, சோழ நாட்டை அளக்கச் செய்தான். அளவை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்றே பட்டம் அமைந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-ல் மறுபடி அளந்தார்கள். வேலியை மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் கீழ்முந்திரியாகவும் பகுத்துக்கொண்டே போய், கைப்பிடி மண்ணுக்கும் கீழான பின்னம்வரை தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளில் ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, வரி கிடையாத இடங்களைக் கழிக்கும் பட்டியல் ஒன்று வரும். குளம், வாய்க்கால், சுடுகாடு, கோயில், ஊர்நத்தம். இந்த ‘நத்தம்’ ஆயிரம் ஆண்டு கடந்தும் அதே பொருளில் இன்றைய பட்டாவிலும் நிற்கிறது. அதனால் வந்த சங்கடத்தைப் பிறகு பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் எல்லை என்பது ஊரே கூடி நின்று கண்ணால் பார்த்த காரியம். ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேடு, பெண் யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளிச்செடியும் நட்டதைப் பதிவு செய்கிறது. ஆவணங்களைப் பதிந்து வைக்க ஆவணக்களரி என்ற இடம் இருந்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. விற்றவர், வாங்கியவர், நான்கெல்லை, சாட்சி, எழுதியவர் என்று அன்றைய விலையாவணத்தின் உறுப்புகள் இன்றைய கிரயப் பத்திரத்திலும் அநேகமாக அதே வரிசையில் வருகின்றன. பத்திரம் எழுதுபவர் இன்றும் ‘இதற்குச் செக்குபந்தி’ என்று தொடங்கி வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எல்லை சொல்வார். நிலத்தை அதன் அண்டை அயலாரைக் கொண்டு அடையாளம் சொல்லும் பழக்கம் அது. எண்ணைக் கொண்டு அடையாளம் சொல்வது பின்னால் வந்தது.

எண் வந்த கதை கும்பினி ஆட்சியோடு தொடங்குகிறது. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763-ல் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2000 ஊர்கள். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்ததை வைத்தே அந்தக் கணக்கு உருவானது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கைக்கு வந்ததும் அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலங்களை அளந்து தீர்வை வைத்தார்கள். ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் அரசே உழவனிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. 1820-ல் மன்றோ சென்னை ஆளுநரானபோது அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

இந்த முறைக்குள் பிறந்த தாள்தான் பட்டா. இன்ன புலத்துக்கு இன்ன தீர்வை, இதைக் கட்ட வேண்டியவர் இன்னார் என்று ஆண்டுதோறும் ஜமாபந்தியில் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அரசுக்கு வேண்டியிருந்தது வரி கட்டும் ஆள். அந்த ஆள் அண்ணனா தம்பியா, குடும்பத்தில் பங்கு இன்னும் யாருக்கு உண்டு என்பதெல்லாம் அரசின் கவலையாக இருக்கவில்லை. வரி கட்டாமல் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தால் போதும். இன்று ஒரு குடும்பம் தன் ஆயுள் சேமிப்பைப் பட்டா என்ற தாளை நம்பிக் கொடுக்கிறது. அந்தத் தாள் இவ்வளவு பாரத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த தோராயமான அளவைக்குப் பைமாஷ் என்று பெயர். பழைய பத்திரங்களில் ‘பைமாஷ் நம்பர்’ என்று ஓர் எண்ணைப் பார்த்துத் திகைப்பவர்கள் இன்றும் உண்டு. 1858-ல் நில அளவை, நிலவரித் திட்டத் துறை அமைந்த பிறகு அறிவியல் முறையிலான அளவை தொடங்கியது. ஒவ்வொரு ஊரும் புலங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண், ஒரு வரைபடம். மூன்று ஊர்களின் எல்லை கூடும் இடத்தில் முச்சந்திக் கல் ஊன்றினார்கள்.

அளந்த கருவி எட்மண்ட் குண்டர் 1620-களில் வகுத்த சங்கிலி. நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் போட்டால் 4356 சதுர அடி, அதாவது பத்து சென்ட். வீடு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்கும் 435.6 என்ற எண் அந்த இரும்புச் சங்கிலியிலிருந்து வந்தது. வெயிலில் இரும்பு நீளும். காடு மேடெல்லாம் இழுத்து இழுத்து வளையங்கள் தேயும். அவ்வப்போது சரிபார்க்காத சங்கிலி அளந்த புலம், படத்தில் ஓர் அளவாகவும் தரையில் வேறு அளவாகவும் நிற்கும்.

மனை விற்பனை நடக்கும் மேசையில் இன்று மூன்று அளவை மரபுகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தரகர் கிரவுண்டு கணக்கில் பேசுவார். கிரவுண்டு என்பது தொண்டை மண்டலத்து மனை. 2400 சதுர அடி ஒரு மனை, 24 மனை ஒரு காணி. பழைய பத்திரம் சென்டில் பேசும், அது குண்டர் சங்கிலியின் வாரிசு. பட்டா ஏர்ஸிலும் சதுர மீட்டரிலும் பேசும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் மண் கணக்கிலிருந்து உதிரும். எட்டு சென்ட் என்பது 323.7 சதுர மீட்டர். யு.டி.ஆர். பதிவேடுகளில் பல இடங்களில் இருப்பதுபோல் பரப்பை அரை ஏர்ஸுக்கு முழுதாக்கி எழுதினால் அது 3 ஏர்ஸ் ஆகும். 300 சதுர மீட்டர். காணாமல் போனது 255 சதுர அடி, ஒரு நல்ல அறையின் பரப்பு. விளைநிலத்துக்குத் தீர்வை போடும் கணக்கில் இந்த வித்தியாசத்துக்குப் பைசா மதிப்பும் கிடையாது. அதே நிலம் மனையாகி, சதுர அடிக்கு இத்தனை ஆயிரம் என்று விலை பேசப்படும்போது அந்த 255 சதுர அடிக்காக அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கிடையே இன்னொரு அலுவலகம் முளைத்திருந்தது. 1864-ல் பத்திரப் பதிவுச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து கைமாறும் பத்திரங்களைப் பதிவு செய்து, நகலை வைத்துக்கொண்டு, பெயர் வாரியாகவும் சொத்து வாரியாகவும் அட்டவணை எழுதுவது சார்பதிவாளரின் வேலை. விற்பவருக்கு உண்மையில் அந்தச் சொத்து உண்டா என்று விசாரிப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. தமிழக அரசு 2022-ல் பதிவு விதிகளில் 55-அ என்ற ஒன்றைச் சேர்த்து, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. போலிப் பத்திரங்களைத் தடுக்கும் நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனாலும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதி தாய்ச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் அதிகாரத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

பட்டா பக்கமும் இதே நிலைதான். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவருக்கு உரிமை உண்டாகிவிடாது, இல்லாததால் போய்விடவும் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கிலும் அதற்குப் பின்பும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆக, சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதியும், உரிமைக்குப் பொறுப்பேற்காது. வட்டாட்சியர் அலுவலகம் பட்டா கொடுக்கும், அதுவும் பொறுப்பேற்காது. ஊரில் இரண்டு அலுவலகமும் ஒரே தெருவில் எதிரெதிராக இருந்தும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்ததில்லை. 1968-ல் நிலம் வாங்கியவர் பத்திரத்தைப் பதிந்து, வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பட்டா மாறுதலுக்கு மனுப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தீர்வையைப் பழைய பட்டாதாரர் பெயரிலேயே கட்டி ரசீது வாங்கி வந்தார்.

அப்படியிருந்தும் அன்று பெரிய குழப்பம் வரவில்லை. கணக்குப்பிள்ளை இருந்தார்.

கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்ட அந்த ஊர்க் கணக்கருக்குப் பதிவேட்டில் இல்லாததும் தெரியும். புலம் 112 பட்டா முத்துசாமி பேரில் இருந்தாலும் அவர் அதை விற்றுப் பதினைந்து வருடம் ஆயிற்று என்பது தெரியும். எந்த வரப்பு எந்த வருடத்து வெள்ளத்தில் கரைந்தது, எந்த அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பது தெரியும். அவர் அடங்கலில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார். அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த விலையும் அதிகம். தலைமுறைகளாகச் சில குடும்பங்களின் கையிலேயே இருந்த அதிகாரம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நிலம் கர்ணத்தின் பேனா முனையில் ஆடியது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் அனுபோகம் பதிவேடு ஏறாமலே போனதற்கும் அந்தப் பேனாதான் காரணம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதவியிழந்தவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1982-ல் ஒழிப்புச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

சமூக நீதியின் கண்ணில் அது வேண்டிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யு.டி.ஆர். தொடங்கியது 1979 ஜூன். கணக்குப்பிள்ளைகள் போனது 1980 நவம்பர். ஊர் நிலத்தின் பதிவுகளை முழுக்கத் திருப்பி எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, பதிவில் இல்லாததைத் தெரிந்து வைத்திருந்த ஆட்கள் வெளியேறினார்கள். சிலர் பழைய கணக்குகளை ஒழுங்காக ஒப்படைத்தார்கள், சிலர் ஒப்படைக்கவில்லை. புதிதாக வந்த இளைஞருக்கு ஊரும் புதிது, பதிவேடும் புதிது. இன்றைய பட்டாக் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு தேதிகளின் இடையில் கருக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

பல மாவட்டங்களில் கடைசி மறு நிலவரித் திட்டத்துக்கும் யு.டி.ஆருக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அதற்குள் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்து லட்சக்கணக்கான ஏக்கர் ரயத்துவாரியாக மாறியிருந்தன. விற்பனை, பாகப்பிரிவினை, உயில், தானம் என்று நிலம் துண்டு துண்டாகியிருந்தது. யு.டி.ஆர். அலுவலர்கள் ஊருக்கு வந்து, யார் அனுபோகத்தில் நிலம் இருக்கிறது என்று விசாரித்து, ஆவணம் கேட்டு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் அந்த நாளில் ஊரில் இல்லை. விதவைகள் முன்னால் வந்து பேசவில்லை. கூட்டத்தில் மூத்த அண்ணன் மட்டும் நின்றார், அவர் பெயர் ஏறியது. தம்பிகளின் பெயர் விட்டுப்போனது. தங்கைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல்தான் அமலுக்கு வந்தது. யு.டி.ஆர். முடிந்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். ‘அ’ பதிவேடு அகலமான புத்தகம், பக்கத்தின் குறுக்கே கட்டம் கட்டமாகப் போகும். பழைய புல எண். புதிய புல எண், உட்பிரிவு. ரயத்துவாரியா, சர்க்காரா. நஞ்சையா, புஞ்சையா. பாசன ஆதாரம். ஒரு போகமா, இரு போகமா. மண்ணின் தரம். ஹெக்டேருக்கு வீதத் தீர்வை. பரப்பு. மொத்தத் தீர்வை. இவ்வளவுக்கும் பிறகு, பட்டா எண்ணும் பட்டாதாரர் பெயரும். கடைசியில் குறிப்பு. பெரும்பாலான கட்டங்கள் வரிக்காக. சொந்தக்காரருக்கு ஒரே ஒரு கட்டம், அதுவும் பட்டா எண்ணோடு பங்கு போட்டது. 4.0 ஏர்ஸை 40.0 என்று எழுத ஒரு சுழி போதும். 112/3அ-வில் எழுத வேண்டியதை 112/3ஆ-வில் எழுதக் கண் ஒரு வரி வழுக்கினால் போதும். அப்படி வழுக்கினால் அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே உள்ள எல்லாப் பெயர்களும் ஒரு படி இறங்கிவிடும். ஒரே தெருவில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு அடுத்தவர் பட்டாவை வைத்துக்கொண்டு நிற்கும் ஊர்களில் நடந்தது இதுவே.

பெயரே ஒரு சிக்கல். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் அடையாளம். மு. கந்தசாமி, மூ. கந்தசாமி ஆகிவிட்டால் சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், பெயரன் என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. தாத்தா காளியப்பன் பேரில் இருந்த பட்டா, மற்ற பேரன்மாரின் பங்கையும் சேர்த்துப் பேரன் காளியப்பன் தலையில் விடியும்.

இந்தச் சிக்கல் பழையது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற ஆவண வழக்கு இருக்கிறது. புத்தூர் மணப்பந்தலில் சுந்தரரின் திருமணம் நடக்கப்போகும் வேளையில் ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று வழக்கு அந்த ஊர் அவைக்குப் போகிறது. எழுதியவர் பெயர் ஆரூரன், பேரன் பெயரும் ஆரூரன். அவையோர் உணர்ச்சிவசப்படவில்லை. பாட்டனின் கையெழுத்து உள்ள வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நகலை நம்பாமல் மூலத்தைக் கேட்பது, பெயரை மட்டும் நம்பாமல் கையெழுத்தை ஒப்பிடுவது, ஒப்பிடுவதற்கு ஓர் ஆவணக் காப்பு வைத்திருப்பது என்று 12-ஆம் நூற்றாண்டின் புலவர் ஒருவருக்கு இவ்வளவு நடைமுறை தெரிந்திருந்தது. கிராமத்து யு.டி.ஆர். விசாரணையில் இந்த மூன்றில் ஒன்றாவது எல்லா இடத்திலும் நடந்திருந்தால் இன்று எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும்.

நத்தத்துக்கு வருவோம். குடியிருப்புக்கு வரி இல்லை என்பதால் பழைய நிலவரித் திட்டத்தில் ஊர்நத்தம் முழுவதும் பெரும்பாலும் ஒரே புல எண். இருநூறு வீடு இருந்தாலும் ஓர் எண்தான். யாருக்கும் தனிப் பட்டா கிடையாது. வீடுகள் நான்கெல்லையை நம்பியே கைமாறின. கிழக்கே மாரியம்மன் கோயில் வீதி, மேற்கே இன்னாரின் கொல்லை. இன்னார் இறந்து கொல்லை மூன்று பேருக்கு விற்ற பிறகு மேற்கு எல்லை காற்றில் நிற்கும். அந்தப் புல எண்ணைப் போட்டு வில்லங்கம் கேட்டால் ஊரில் நடந்த கிரயம், அடமானம் எல்லாம் கட்டுக்கட்டாக வரும், அதில் இந்த வீடு எது என்று தேட வேண்டும். நத்தம் நிலவரித் திட்டம் பின்னால் வந்துதான் நத்தத்துக்குள் மனை மனையாக அளந்து, முதலில் தோராயப் பட்டாவும், ஆட்சேபம் கேட்டு முடித்த பிறகு தூய பட்டாவும் கொடுத்தது. தோராயப் பட்டாவையே முடிந்த முடிவாக நினைத்துப் பெட்டியில் வைத்துவிட்ட குடும்பங்கள், வீட்டை விற்கும் நாளில்தான் தூய பட்டா வேறு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிக்கின்றன.

தவறைத் திருத்த வழி இருக்கிறது. பத்திரத்தில் பிழை என்றால் எழுதிக் கொடுத்தவரே வந்து பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும், ஒருவர் துபாயில் இருப்பார். பட்டாவில் யு.டி.ஆர். பிழை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு. அது கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று படி படியாக இறங்கி, அறிக்கையோடு அதே படிகளில் ஏறி வர வேண்டும். பட்டாவில் பெயர் இருப்பவருக்கு நோட்டீஸ் போகும். அவர் நல்லவராக இருந்தால் ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் பிள்ளைகளுக்கு மனையின் இன்றைய விலை தெரிந்திருந்தால் ஆட்சேபணை வரும், விஷயம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். மூன்று மாதக் கெடுவோடு எழுதிய கிரய ஒப்பந்தம் இதற்கெல்லாம் காத்திருக்காது.

மனுவோடு வைக்க வேண்டியது யு.டி.ஆருக்கு முந்தைய சான்று. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகல், பழைய ‘அ’ பதிவேடு, பழைய புலப்படம். பதிவறையில் பூச்சி அரித்த கட்டுகளுக்குள் அவை இருக்க வேண்டும். அந்தப் பக்கம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுக்கும் பதிவறை ஊழியருக்கு இந்த நாட்டின் நில உரிமையில் எவ்வளவு பங்கு என்பதை எந்த ஆணையிலும் பார்க்க முடியாது.

இதைவிட நேரான ஏற்பாடு உலகத்தில் இல்லாமல் இல்லை. அடிலெய்டில் சுங்கத் துறை அதிகாரியாக இருந்த ராபர்ட் டோரன்ஸ், கப்பல் உரிமையைப் பதிவேட்டில் எழுதும் முறையைப் பார்த்துவிட்டு, நிலத்துக்கும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டார். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அது சட்டமாயிற்று. பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே உரிமையாளர், தவறு நேர்ந்தால் அரசு ஈடு செய்யும். இந்தியாவிலும் இது வேண்டும் என்று புனே கோகலே நிறுவனத்தின் டி.சி. வாத்வா 1989-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ராஜஸ்தான் 2016-ல் நகர நிலங்களுக்கு உரிமைச் சான்றளிக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆந்திரம் இயற்றிய நில உரிமைச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்து, பெரும் அரசியல் எதிர்ப்புக்குப் பிறகு 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. மக்கள் பயந்ததற்கு நியாயம் உண்டு. பதிவேடு சொல்வதே முடிவு என்று ஆவதற்கு முன்னால் பதிவேடு சரியாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2018 முதல் பதிவுத் துறையின் புதிய மென்பொருள் வருவாய்த் துறையின் தரவோடு பேசத் தொடங்கியிருக்கிறது. உட்பிரிவு தேவைப்படாத முழுப்புலமாக இருந்தால் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு வந்துவிட்டது. எதிரெதிரே இருந்தும் முகம் பார்க்காத இரண்டு அலுவலகங்கள் நூற்றாண்டு கழித்துப் பேசிக்கொள்வது பெரிய விஷயம். ஆனால் கணினிக்குள் போனது யு.டி.ஆர். பதிவேட்டில் இருந்த எழுத்து. வழுக்கிய வரி வழுக்கியபடியே உள்ளே போயிருக்கிறது. சில ஊர்களில் தட்டச்சில் இன்னும் ஓர் எழுத்து கூடவோ குறையவோ செய்திருக்கிறது.

திருத்த மனுவில் கடைசியாக நடப்பது நில அளவை. சர்வேயர் புலப்படத்தை விரித்து, கல் எங்கே என்று கேட்பார். படத்தில் ஆங்கில எழுத்துப் போட்டுக் குறித்திருக்கும் கற்களில் ஒன்று சாலை விரிவாக்கத்தில் போயிருக்கும், ஒன்று பக்கத்து வீட்டு மதிலுக்கு அடியில் இருக்கும். மூன்றாவது கிடைத்தால் அதிலிருந்து நாடா பிடிப்பார்கள். ஒரு முனையைச் சர்வேயரின் உதவியாள் பிடிப்பார். மறுமுனையைப் பெரும்பாலும் வீடு வாங்க வந்தவரே பிடிப்பார். அளவு சரியாக வந்தால் அறிக்கை போகும். மாவட்ட வருவாய் அலுவலரின் ஆணை வந்த பிறகு, ‘அ’ பதிவேட்டின் அந்த வரியில் பழைய பெயரின் மேல் ஒரு கோடு விழும், பக்கத்தில் சிவப்பு மையில் சரியான பெயர் ஏறும், குறிப்புக் கட்டத்தில் ஆணையின் எண்ணும் தேதியும் எழுதப்படும். பல நேரங்களில், அப்படி ஏறும் பெயருக்கு உரியவர் உயிரோடு இருப்பதில்லை. அவர் மகன் வாரிசுச் சான்றை எடுத்துக்கொண்டு அடுத்த மனு எழுத உட்கார்கிறார்.